"சேதாரம் இல்ல": இரண்டேகால் வயது மகள் பேசிய முதல் வாக்கியம்

நொய்யல்கரை அம்மா, திருப்பூர்:

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 2 வயது 3 மாதம். போன ஞாயிறு மதியம் முதல்முறையாக இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னாள். நான் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தெளிவாக, ராகத்தோடு, "சேதாரம் இல்ல" என்று குரல் வந்தது. அத்தையின் சீரியல் இடைவேளையில் தினமும் நாலைந்து தடவை ஓடும் நகைக்கடை விளம்பரம். வீடே சிரித்தது. என் கணவர் மறுபடி சொல்லச் சொல்லி வீடியோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். நானும்தான் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. இந்தப் பிள்ளை ஒருநாள்கூட "அம்மா தண்ணி" என்று கேட்டதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் கேன் முன்னால் நிறுத்துவாள். அப்போதும் முகத்தைப் பார்க்கமாட்டாள். குழாயைத் திருகுவது மாதிரி என் கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைப்பாள், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று தடவைக்கு ஒரு தடவை திரும்பினால் அதிகம். ஆனால் ஏ முதல் இசட் வரை சொல்வாள், இருபது வரை எண்ணுவாள், எட்டு நிறங்களுக்கு இங்கிலீஷில் பெயர் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் "என்னா அறிவு பாரு" என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். அவள் என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் வீட்டு நடப்பையும் சொல்லிவிடுகிறேன். கணவர் சாயப்பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் காலை ஒன்பதுக்குப் போனால் ஏழரைக்குத் திரும்புவேன், ஷிப்மெண்ட் நேரத்தில் பத்தும் ஆகும். பகல் முழுக்கப் பிள்ளை அத்தையிடம்தான். அவருக்கு 61 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். மாடி வீடு, வாசல் கிடையாது. மதியச் சோறு உள்ளே போக முக்கால் மணி நேரம், போன் இல்லாமல் வாயே திறக்கமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கணக்கு வைத்துப் பார்த்தேன். போனும் டிவியும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வந்தது. அதில் ஒன்றரை மணி நேரம் என் கணக்கில்தான். வீடு பெருக்கித் துடைக்க நான் கொடுத்தது.

இன்னொன்று. பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தால் 5 விநாடி கழித்து ஓரத்தில் ஸ்கிப் பொத்தான் வருமே, அதை ஆள்காட்டி விரலால் சரியாக அழுத்துகிறாள். எழுத்து தெரியாது, இடம் தெரியும். எல்லாவற்றையும் தள்ளவும் மாட்டாள்: முட்டையை உடைத்து உள்ளே இருக்கிற பொம்மையை எடுக்கிற விளம்பரம் என்றால் விரல் நின்றுவிடும். அதே விரலை நீட்டி "அதோ காக்கா" என்று எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை. ஜன்னலில் காக்கா வந்தால் பார்ப்பாள். பார்த்துவிட்டு அவள் பாட்டுக்கு இருப்பாள்.

இதில் எனக்குக் குத்துவது என் வேலைதான். குழந்தைகள் உடுப்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கார்ட்டூன் படம் போட்ட டி-ஷர்ட் ஆர்டர்தான் என் கையில் அதிகம். படத்துக்கு உரிமைக்காரர்கள் ஒப்புதல் தராமல் ஒரு பீஸ்கூடப் பிரிண்ட் போடமுடியாது. கண்ணின் கருவிழி ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது மாதிரிப் பிரிண்ட், திரும்பி வரும். அதே துணி, அதே தையல்தான். படம் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. ஏதோ ஒரு ஊரில் இரண்டு வயசுப் பிள்ளை கடையில் அதைப் பார்த்து நின்று அடம்பிடிக்கவேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு என்று எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். என் வீட்டில் ஒருத்தி அப்படி நிற்கிறாள் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

இது போனால் வந்ததா? நிறுத்தினால் சரியாகிவிடுமா? அத்தையிடம் எப்படிச் சொல்வது? அவரைக் குறை சொன்னால் நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயமும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன்.


பேச்சுப் பயிற்சி அக்கா, மதுரை:

14 வருடமாக இந்தப் பயிற்சி கொடுக்கிறேன். குழந்தையைப் பார்க்காமல் உறுதியாக எதுவும் சொல்லமுடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் நகைக்கடை வாக்கியத்தைவிட அந்த விரல்தான் எனக்கு முக்கியம்.

ஒரு குழந்தை எதையாவது சுட்டிக் காட்டும், உடனே திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். "நீயும் பாத்தியா?" என்கிற பார்வை. ஒரு வயதை ஒட்டி இது வந்துவிடும். பேச்சு என்பது இதன் மேல் ஏறுகிற கொடி. நிறம், எண், ஏபிசி எல்லாம் வெறும் பட்டியல். 2 வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், இரண்டு சொல்லைக் கோத்துப் பேசுவதும் எதிர்பார்ப்போம்; ஆனால் அந்தச் சொற்கள் யாரிடமாவது கேட்க, மறுக்க, காட்டப் பயன்படவேண்டும். பர்ப்பிள் என்று சுவரைப் பார்த்துச் சொல்வதை நான் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் காது. "ராகத்தோடு பாடுகிறாளே, காது நன்றாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். லேசான குறைபாடு இருக்கிற பிள்ளையும் பாட்டை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பெரா டெஸ்ட் என்று கேளுங்கள், குழந்தையைத் தூங்கவைத்து எடுப்பார்கள், வலி கிடையாது. அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று விசாரியுங்கள். டிஇஐசி என்றால் வழி காட்டுவார்கள். காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

போனால் வந்ததா என்று கேட்டீர்கள். போன் பார்த்தே ஆட்டிசம் மாதிரி ஆகிவிடுகிறது என்ற பொருளில், வாட்ஸ்அப்பில் "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்று ஒரு சொல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது முறையான நோய்ப்பெயர் கிடையாது. பிறவியிலேயே வளர்ச்சி வேறு மாதிரி இருக்கிற பிள்ளைகள் போனில் சுலபமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. நாளெல்லாம் போன் பார்த்ததில் பேச ஆள் கிடைக்காமல் பேச்சு பின்தங்கிய பிள்ளைகளும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் "போனை நிறுத்திப் பார்க்கிறோம், ஆறு மாசம் கழித்து வருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிற பெற்றோரிடம்தான் எனக்குக் கோபம் வரும். நிறுத்துங்கள். அதே வாரம் கொண்டுபோய்க் காட்டவும் செய்யுங்கள். கையைப் பிடித்து இழுப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டையும் மறக்காமல் அங்கே சொல்லுங்கள்.

திரையிலிருந்து பிஞ்சுப் பிள்ளை பேசக் கற்காதா என்றால், 2003-ல் அமெரிக்காவில் பாட்ரிஷியா கூல் என்பவர் செய்த பரிசோதனையைத்தான் நான் பெற்றோரிடம் சொல்வேன். 9 மாதக் குழந்தைகள், இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள். ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசும் ஆள் நேரில் வந்து உட்கார்ந்து 12 தடவை புத்தகமும் பொம்மையும் காட்டிப் பேசினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள் பேசியதை வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்ட பிள்ளைகளுக்கு அந்த மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டுவிட்டது. வீடியோ பார்த்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. நம் வீடுகளில் "கல்வி வீடியோ" என்று மனசைத் தேற்றிக்கொண்டு போடுவதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

நேரக்கணக்கு வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. வெளியூர் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதை இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கமும் தடுப்பதில்லை. அந்தப் பக்கம் ஓர் ஆள் பதில் சொல்கிறாரே.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். அவள் உங்களை இழுத்துப் போய் கேன் முன்னால் நிறுத்தும்போது டம்ளரை எடுத்து உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணி" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "சொல்லு சொல்லு" என்று நச்சரிக்கவேண்டாம். டம்ளரிலிருந்து உங்கள் முகத்துக்குக் கண் ஒரு நொடி வந்தாலும் கொடுத்துவிடுங்கள். பத்து எண்ணுவதுதான் பெரியவர்களுக்கு முடியாத காரியம், என் அனுபவத்தில்.


கும்பகோணம் பாட்டி:

என் பேரன் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினான். பேசி எழுதுகிற வசதியில் நானே சொல்கிறேன், பிழை இருந்தால் மன்னிக்கணும்.

அம்மாடி, உன் மாமியார் பக்கமும் கொஞ்சம் பேசணும் எனக்கு. எனக்கு 67 வயது. பேத்தியை நான்தான் வளர்க்கிறேன். ரெண்டு வயசுப் பிள்ளை ஓடினால் பிடிக்கிற கால் எங்களுக்கு இல்லை. கொதிக்கிற ரசத்துக்குப் பக்கத்தில் அது வந்து நிற்கும்போது போனைக் கையில் கொடுத்து உட்கார்த்தி வைப்பது சோம்பேறித்தனம் இல்லை, பயம். அந்தப் பயத்தை முதலில் ஒத்துக்கொண்டு பேச்சை ஆரம்பி. "உங்களால கெட்டுச்சு" என்று ஆரம்பித்தால் அன்றைக்கே பேச்சு முடிந்தது.

நாங்கள் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினோமே, அதுவும் ஏமாற்றுதான். பிள்ளை பராக்குப் பார்க்கும்போது உருண்டையை உள்ளே தள்ளுவதுதானே. ஆனால் நிலாவுக்கு வாய் கிடையாது, நான்தான் பேசணும். நிலா எங்கே போச்சு, மேகத்துக்குள்ளே போச்சு, அதோ வந்துடுச்சு என்று தொண்டை வற்றும்வரை பேசுவோம். இந்தச் சாமான் தானே பேசிவிடுகிறது, நமக்குப் பேச ஒன்றும் இல்லை. நானே ஒருநாள் கவனித்தேன், பிள்ளைக்கு ஊட்டி முடித்து கை கழுவுகிறவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

இப்போது எங்கள் வீட்டில் சமைக்கிற இருபது நிமிஷம் மட்டும் போன். சோற்று வேளையில் கிடையாது. முதல் நாலு நாள் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, மருமகள் அழுதாள், நான் விடவில்லை. தட்டில் அதற்கென்று நாலு பருக்கை தனியாகப் போட்டு, அளைந்துகொள் என்று விட்டேன். வீடெல்லாம் சோறு. எறும்பு வந்தது. எறும்பைக் காட்டிக் காட்டி ஊட்டினேன்.

சீரியலைப் பற்றி என்னைக் கேட்காதே. அதை நானும் இன்னும் விடவில்லை.


கல்லாப்பெட்டி, கோவில்பட்டி:

நான் மளிகைக்கடைக்காரன். குழந்தை வளர்ப்பு பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, விளம்பரம் கடைக்கு வந்து எப்படி முடிகிறது என்று சொல்கிறேன். டிவியில் பார்ப்பது பாதிதான். மீதி எங்கள் கையில் இருக்கிறது.

புதுசாக ஒரு சாமான் வந்தால் சேல்ஸ்மேன் ஸ்டாண்டும் சேர்த்துக் கொண்டுவருவார், இலவசம். ஆனால் அதை எங்கே வைக்கணும் என்பதை அவர்தான் சொல்வார். கல்லாவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ரெண்டு ரெண்டரை அடி உயரத்தில். என் இடுப்புக்குக் கீழே. பல வருஷம் நான் அதை யோசித்ததே இல்லை, குனிந்து எடுக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று திட்டியதுதான் உண்டு. ஒருநாள் கரண்ட் போனபோது சில்லறை தேடிக் குத்தவைத்து உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மூக்குக்கு நேரே வரிசையாகக் கார்ட்டூன் மூஞ்சிகள். பருப்பு, எண்ணெய், சோப்பு எதுவும் அந்த உயரத்திலிருந்து கண்ணில் படவில்லை. மூணு வயசுப் பிள்ளைக்கு என் கடை மிட்டாய்க்கடைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மாக்காரி கணக்கு முடித்துக் காசு எடுக்கிற நேரம் ஒரு நிமிஷம் இருக்குமா? பிள்ளையின் கை அப்போதுதான் போகும். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அழவிடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. சரி எடுத்துத் தொலை என்பாள். 5 ரூபாய் பாக்கெட், 10 ரூபாய் பாக்கெட் எல்லாம் அந்த "எடுத்துத் தொலை"க்கு அளவெடுத்துப் போட்ட விலை. உள்ளே பொம்மை இருக்கிற சாமான் என்றால் தின்பதைக் கீழே போட்டுவிட்டுப் பொம்மையோடு போகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கார்ட்டூன்தான் இன்னும் கிடைக்கவில்லை. பேரனுக்குக் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்புவான். விளையாட்டாக, கரடி படம் போட்ட காலி பிஸ்கட் டப்பாவில் அதையே போட்டு வைத்தேன். "தாத்தா, கரடி மிட்டாய்" என்று ரெண்டு தின்றான். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை.

மகன் சட்டம் படிக்கிறான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் போட்ட நெறிமுறையில், குழந்தைகளுக்கென்றே இருக்கிற சேனலில் ஜங்க் ஃபுட் விளம்பரம் கூடாது, ஆதாரம் இல்லாமல் இதைக் குடித்தால் அறிவு வளரும் என்று சொல்லக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது என்றான். நல்லதுதான். 2024 ஏப்ரலில் வர்த்தக அமைச்சகம் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. என் கடையில் எல்லாரும் இன்றைக்கும் "அண்ணாச்சி, ஹெல்த் டிரிங்க் ஒண்ணு" என்றுதான் கேட்கிறார்கள். வாயில் ஒட்டிய பெயரை எந்த ஆணை எடுக்கும்?

ஸ்டாண்டை எடுத்தீரா என்று கேட்பீர்கள். மேலே ஏற்றி வைத்தேன், ஒரு மாசம். அந்தச் சாமான் ஓட்டம் பாதியாகக் குறைந்தது. சேல்ஸ்மேன் வந்து பார்த்துவிட்டு மறுபடி கீழே இறக்கிவைத்துவிட்டுப் போனார். நானும் சும்மா இருந்துவிட்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை, தங்கச்சி.


பேச்சுப் பயிற்சி அக்கா, மதுரை:

அண்ணாச்சி, உங்கள் கரடி டப்பாவை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2007-லேயே செய்துவிட்டார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 63 பேருக்கு ஒரே தீனியை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள், மெக்டொனால்ட்ஸ் காகிதத்தில் ஒன்று, வெறும் காகிதத்தில் ஒன்று. பெயர் போட்ட காகிதத்தில் இருந்ததுதான் ருசி என்று பெரும்பாலும் சொன்னார்கள். கேரட்டுக்குக்கூட! விளம்பரம் என்றால் நம்மை வாங்கவைக்கச் சொல்வது என்கிற புத்தி ஏழெட்டு வயதில்தான் வருகிறது. அதற்கு முன்னால் பாட்டும் விளம்பரமும் பிள்ளைக்கு ஒன்றுதான்.


பனிக்கால அப்பா, மொன்றியல்:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இருபது வருசமாக இங்கே. கடைக்கார ஐயா எழுதினதை வாசித்துப்போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கனடாவில் எங்கள் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. 1980-இலிருந்து இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் கம்பனி ஒன்று வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1989-இல் சட்டம் சரி என்று தீர்ப்பு வந்தது. சின்னப் பிள்ளைக்கு எதிர்த்துக் கதைக்கத் தெரியாது, ஆனபடியால் அவர்களைப் பாதுகாக்கலாம் என்பதுதான் நியாயம். இங்கே பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு இடையில் பொம்மை விளம்பரம் வராது. முதலில் வந்தபோது எனக்கு அது விளங்கவே இல்லை, ஏதோ தொலைக்காட்சி பழுதாக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் ஐயா, உங்கட கடை ஸ்டாண்ட் இங்கேயும் தப்பிவிட்டது. பொதியின் மேல் இருக்கிற படம், கடைக் கண்ணாடி, கடைக்குள் அடுக்குகிற விதம், இவற்றுக்கெல்லாம் அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. காலைச் சாப்பாட்டுத் தானியப் பெட்டியில் முயல் சிரித்துக்கொண்டுதான் நிற்கும். என்ர மகளுக்கு 4 வயது, கடைக்குள் போனால் அந்த ஒழுங்கைக்குள் வண்டிலை விடாமல் நான் சுத்திப் போவேன். சட்டம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு செய்கிற வேலை அது.

மற்றது யூடியூப். 2019-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்ததற்காக 17 கோடி டொலர் கட்டவைத்தது. அதுக்குப் பிறகு பிள்ளைகளுக்கான வீடியோ என்று குறித்தவற்றில் ஆளைப் பின்தொடர்ந்து போடுகிற விளம்பரம் நின்றது. மற்ற விளம்பரம் நிற்கவில்லை. முட்டை உடைக்கிற வீடியோ, பெட்டி பிரிக்கிற வீடியோ எல்லாம் முழுக்க விளம்பரம்தான், அதைத் தள்ளுவதற்குப் பொத்தானும் இல்லை. தங்கச்சி, ஒன்று மட்டும் செய்யுங்கோ: அடுத்த வீடியோ தானாக ஓடுகிறதை நிப்பாட்டி விடுங்கோ. நாங்கள் நாலைந்து வீடியோவை இறக்கி, இணைப்பைத் துண்டித்துப்போட்டுத்தான் குடுப்போம். முடிந்தால் முடிந்தது. "முடிஞ்சுது" என்று திரை தானே சொல்லவேணும், அம்மாவோ அம்மம்மாவோ சொன்னால் அடிதடிதான்.

இன்னொன்றும் சொல்லவேணும். எங்கட வீட்டில் மகள் தமிழ் கதைக்கவேணும் என்று நாங்களே ஒன்றரை வயதிலிருந்து தமிழ்ப் பாட்டு வீடியோ போட்டோம். பாட்டு முழுக்கப் பாடமாக்கினாள். அம்மம்மா வந்து "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்க அவளுக்கு விளங்கவில்லை. அம்மம்மா ஆறு மாதம் தங்கிப் போனபிறகுதான் கதைக்கிறாள், அதுவும் அவவின்ர தொனியிலேயே "அடி விசரி" என்று தாயைப் பேசுகிறாள்.


நொய்யல்கரை அம்மா, திருப்பூர்:

ஏழு வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், கிறிஸ்துமஸ் ஆர்டர் நேரம்.

காது டெஸ்ட் எடுத்தோம், நார்மல். டிஇஐசியில் இரண்டு தடவை பார்த்தார்கள். இன்னும் பெயர் எதுவும் வைக்கவில்லை. தள்ளிப்போடாமல் வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வரச்சொன்னார்கள். முதல் நாள் பயிற்சி கொடுக்கிற பெண் எங்கள் மூவரையும் தரையில் உட்காரவைத்தார். அத்தைக்கு மட்டும் நாற்காலி போட்டார், அத்தை அதில் குளிர்ந்துவிட்டார்.

அத்தையிடம் கும்பகோணம் பாட்டி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், என் பக்கத்து எழுத்தைத் தாண்டிவிட்டேன். எறும்பு வந்த இடத்தில் சிரித்தார். அப்புறம் அவராகவே, "சோத்து வேளையில வேண்டாம், மத்த நேரம் பாக்கலாம்" என்றார். முதல் மூன்று நாள் என் மகள் போட்ட கத்தலில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து கேட்டார். ஐந்தாம் நாள் தயிர்சாதம் அரைக்கிண்ணம் போனது. நாள் முழுதும் சேர்த்து இப்போது ஒன்றேகால் மணி நேரத்தில் நிற்கிறது. ஒரு மணிக்கு இன்னும் வரவில்லை. சீரியல் ஓடும்போது டிவியை அவளுக்கு முதுகுப்பக்கம் வரும்படி திருப்பி வைத்திருக்கிறோம். சத்தம் கேட்கத்தான் செய்கிறது. சேதாரம் இல்ல என்று இப்போதும் சொல்கிறாள்.

மதுரை அக்கா, அந்தப் பத்து எண்ணுவது. முதல் வாரம் என்னால் நாலைத் தாண்டமுடியவில்லை. என் கணவர் ஏழு. அத்தைதான் பத்தும் எண்ணுகிறார், ராமா ராமா என்று. தண்ணி என்ற சொல் வரவில்லை, "ண்ணி" வருகிறது, அது அத்தையிடம்தான் முதலில் வந்தது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். விரலை நீட்டினாள். முதலில் காக்கா என்றுதான் நினைத்தேன். இல்லை, அந்த வீட்டுப் பையனின் டி-ஷர்ட், நெஞ்சில் பெரிய கண் வைத்த நாய்க்குட்டி. கருவிழி தள்ளி இருக்கிறது என்று மூன்று தடவை திரும்பி வந்த அதே படம். நான் ஒப்புதல் வாங்கி அனுப்பியதில் மிஞ்சிய சரக்கு உள்ளூர்க் கடைக்கு வந்திருக்கும். விரலை எடுக்காமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு, நாய்க்குட்டி" என்றேன். மறுபடி அதைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். துணியை அந்த வீட்டம்மா எடுத்துக்கொண்டு போகிறவரை நின்றோம்.

அடுத்த பயிற்சி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு கண்டெய்னர் ஏறுகிற நாள். அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.